ஒரு மாறுபாடு, பல பண்புகள்: ஆய்வு முரண்டு பிடிக்கும்போது எங்கே பார்ப்பது

கோலாலம்பூரில் மரபியல் தரவுகளை வைத்து முனைவர் பட்டத்துக்கு உழைக்கும் மாணவர்கள், ஒரு மரபணு மாறுபாட்டைக் கொழுப்பு, சர்க்கரை, இரத்த அழுத்தம், உடல் எடை என்று பல பண்புகளோடு ஒருசேரத் தொடர்புபடுத்தும் ஆய்வில் சிக்கிக்கொண்டால், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில்தான் என்னை அழைக்கிறார்கள். பேச்சு ஏறக்குறைய எப்போதும் ஒரே கேள்வியில்தான் தொடங்கும்: "அண்ணே, வேறு மென்பொருளுக்கு மாறிவிடலாமா?" மாற வேண்டாம் என்பதே என் வழக்கமான பதில். என் மேசைக்கு வந்த கோளாறுகளில் மிகச் சிலவே கணக்கிடும் முறையில் இருந்தன. மற்றவை பண்புகளின் அட்டவணையிலும், ஆட்களைச் சேர்த்த விதத்திலும், அல்லீல்களை, அதாவது ஒரு மாறுபாட்டின் மாற்று வடிவங்களை, குறித்த ஒழுங்கிலும் இருந்தன. ஜெம்மா என்னும் மென்பொருளை விட்டு எம்டேக் என்னும் இன்னொன்றுக்குப் போனாலும் அவை கூடவே வரும்.

ஆகவே கீழே உள்ளவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடத்தில் சரிபார்க்கக்கூடிய காரணம் முதலில் வரும். பணமும் மாதங்களும் கேட்கும் காரணம் கடைசியில் வரும். உங்கள் திரையில் தெரியும் அறிகுறிக்கு நேராகச் சென்று படித்தால் போதும்.

தொடங்கும் முன்

எந்த அறிகுறியானாலும் நான்கு கோப்புகள் திறந்திருக்க வேண்டும்: மடக்கை எடுக்காத, அலகு குறிக்கப்பட்ட மூலப் பண்பு அட்டவணை, மரபணு ஒற்றுமைப்படி ஆட்களைப் பரப்பிக் காட்டும் முதல் இரண்டு முதன்மைக் கூறுகளின் இனவாரியாக நிறமிட்ட படம், ஒவ்வொரு பண்பையும் தனியாக ஆய்ந்தபோது கிடைத்த கியூகியூ படம் (தற்செயலாக எதிர்பார்க்கும் பி மதிப்புகளையும் கிடைத்தவற்றையும் ஒப்பிடுவது), மென்பொருள் எழுதிய லாக் கோப்பு. தனிப் பண்பு ஆய்வைச் செய்யாமல் நேரே பல பண்பு ஆய்வுக்குத் தாவியவர்கள் முதலில் திரும்பிப் போய் அதைச் செய்துவிட்டு வரவும். அது இல்லாமல் கீழே உள்ள சோதனைகளில் பாதியைச் செய்யவே முடியாது.

அறிகுறி 1: மாடல் ஓட மறுக்கிறது, பண்புகளின் ஒட்டுறவு அணிக்கு நேர்மாறு இல்லை என்கிறது

முதலில், ஒரே பண்பு இரண்டு பெயர்களில் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவைச் சில கிளினிக்குகள் விழுக்காட்டிலும் சில மோலுக்கு மில்லிமோல் கணக்கிலும் தருகின்றன. 6.5 விழுக்காடும் 48-உம் ஒரே அளவுதான். இரண்டு நெடுவரிசைகளையும் சேர்த்துக் கொடுத்தால் எந்த மென்பொருளும் நின்றுவிடும்.

அடுத்தது, இதைவிட நயமாக ஒளிந்திருப்பது. சென்ற ஆண்டு ஒரு மாணவி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து காட்டினார். மொத்தக் கொழுப்பு, எச்டிஎல், டிரைகிளிசரைடு, எல்டிஎல் என இரத்தக் கொழுப்பின் நான்கு பண்புகள். ஒரு வரிசையை மட்டும் வாசிக்கச் சொன்னேன்: 5.2, 1.1, 2.2, 3.1. 5.2-இலிருந்து 1.1-ஐக் கழித்து, 2.2-ஐ 2.2-ஆல் வகுத்து வரும் 1-ஐயும் கழித்தால் 3.1 வருகிறது. அடுத்த வரிசையும் அப்படியே வந்தது. அந்த எல்டிஎல் ஆய்வகத்தில் அளக்கப்பட்டதே இல்லை. ஃபிரீடவால்டு சூத்திரப்படி மற்ற மூன்றிலிருந்தும் கணக்கிடப்பட்டது. நான்காவது நெடுவரிசை முதல் மூன்றின் நிழலாக இருக்கும்போது அணி பூச்சியக் கோவை அணியாகத்தான் இருக்கும்.

இதில் ஆபத்தானது மாடல் நின்றுபோவது அல்ல, ஓடிவிடுவதுதான். ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கியதாலோ, டிரைகிளிசரைடுக்கு மட்டும் மடக்கை எடுத்ததாலோ அணி சரியாகப் பூச்சியம் ஆகாமல் தப்பிவிடும், மாடல் ஓடும், முழுமையாக்கலில் விழுந்த துகள்களுக்கு மரபியல் காரணம் கண்டுபிடித்துத் தரும். ஆகவே பிழைச் செய்தி வந்தாலும் வராவிட்டாலும், பண்புகளின் ஒட்டுறவு அணியில் ஐகன் மதிப்புகளைப் பார்த்துவிடவும். மிகச் சிறியது பூச்சியத்தை ஒட்டி இருந்தால் ஏதோ ஒரு பண்பு மற்றவற்றின் நிழல்; உயரம்–எடை–பிஎம்ஐ, கிரியேட்டினின்–இஜிஎஃப்ஆர் (சிறுநீரக வடிகட்டும் திறன்) போன்ற கணக்கிடப்பட்ட பண்புகளைத் தேடி ஒன்றை நீக்கவும். எல்டிஎல் அளந்ததா கணக்கிட்டதா என்று அட்டவணையில் குறிப்பு இல்லையென்றால் ஊகிக்க வேண்டாம். ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்பதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

அறிகுறி 2: ஓடுகிறது, ஆனால் ஆட்களில் பாதிப் பேரைக் காணவில்லை

லாக் கோப்பில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட ஆட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஆறு பண்புகளில் ஒவ்வொன்றிலும் பத்து விழுக்காடு விடுபட்டிருந்து, விடுபடல் ஒன்றையொன்று சாராதிருந்தால், ஆறும் முழுமையாக உள்ளவர்கள் 53 விழுக்காட்டினரே. பல மென்பொருள்கள் ஒரு பண்பு இல்லையென்றாலும் ஆளையே கழித்துவிடும்.

விடுபட்ட பண்புகளில் எது அதிகம் ஆட்களைத் தின்கிறது என்று எண்ணி, அதை நீக்கி ஓட்டிப் பார்ப்பது எளிய தீர்வு. பண்புகளை நிரப்பிக்கொள்வது அடுத்தது. தனிப் பண்புகளின் சுருக்கப் புள்ளிவிவரங்களை (ஒவ்வொரு மாறுபாட்டுக்கும் கிடைத்த விளைவு, அதைப் பிழை அளவால் வகுத்த இசட் மதிப்பு போன்றவற்றை) இணைக்கும் முறைக்கு மாறுவது மூன்றாவது. ஆனால் விடுபடல் தற்செயலானதா என்று முன்பே பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் வராதவர்களின் சர்க்கரை அளவு நீக்கப்பட்டிருந்தால், இரவுப் பணி பார்ப்பவர்கள் மொத்தமாக வெளியேறியிருப்பார்கள். அப்போது நிரப்புவதற்கு முன் புள்ளியியலாளர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

அறிகுறி 3: கியூகியூ படம் தொடக்கத்திலேயே கோட்டை விட்டு மேலெழுகிறது

எல்லாமே குறிப்பிடத்தக்கதாகத் தெரிந்தால் எதுவுமே குறிப்பிடத்தக்கதல்ல. சோதனை அளவின் இடைநிலை, தற்செயலில் எதிர்பார்ப்பதைப்போல் எத்தனை மடங்கு என்று காட்டும் லாம்ப்டா மதிப்பைத் தனிப் பண்புகளுக்கும் இணைந்த ஆய்வுக்கும் தனித்தனியே கணக்கிட்டு, கிளை பிரியும் இடத்தைக் கண்டுகொள்ளவும். இணைந்த ஆய்வின் கை-ஸ்கொயர் இடைநிலையை ஒரே சுதந்திரப் பாகையின் 0.455-ஆல் வகுத்துவிட்டுப் பதறியவர்களும் உண்டு. ஐந்து பண்புகளின் சோதனைக்கு ஐந்து சுதந்திரப் பாகையின் இடைநிலை அளவால் வகுக்க வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் மலிவான காரணம்.

3அ: தனிப் பண்புகளிலும் லாம்ப்டா உயர்ந்திருக்கிறது

நம் ஊரில் இதற்கு முதல் காரணம் மக்கள் கலப்பு. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவரையும் ஒரே பையில் போட்டு ஆய்ந்தால், இனங்களிடையே அலைவெண் வேறுபடும் எல்லா மாறுபாடுகளும், இனங்களிடையே சராசரி வேறுபடும் எல்லாப் பண்புகளோடும் தொடர்பு கொண்டுவிடும். பண்புகள் பெருகப் பெருக இந்தக் கோளாறும் பெருகுகிறது. ஒவ்வொரு பண்பிலும் சிறிதாக இருந்த கசிவு இணைந்த சோதனையில் ஒன்றாகக் கூடிவிடுகிறது.

விரைவாகச் சோதிக்க நான் சில காவல் மாறுபாடுகளை வைத்திருக்கிறேன். ஏஎல்டிஎச்2 மரபணுவின் ஆர்எஸ்671 (ஆர்எஸ் எண் என்பது ஒரு மாறுபாட்டின் பதிவெண்) சீன வம்சாவளியினரிடம் பரவலாக உண்டு. தமிழரிடம் ஏறக்குறைய இல்லை. ஈடிஏஆர் மரபணுவின் ஆர்எஸ்3827760-உம் அப்படியே. எஸ்எல்சி24ஏ5-இன் ஆர்எஸ்1426654-இல் வெளிர்நிற அல்லீல் தெற்காசியரிடம் கணிசமாகவும் கிழக்காசியரிடம் அரிதாகவும் காணப்படும். தோல் நிறத்துக்கும் பற்களின் வடிவத்துக்கும் பேர்போன இந்த மரபணுக்கள் உங்கள் பட்டியலில் சர்க்கரையோடும் இடுப்புச் சுற்றளவோடும் தலைகாட்டினால் நீங்கள் பார்ப்பது இனத்தை, நோயை அல்ல. ஆர்எஸ்671-ஐ மட்டும் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும்; மதுப் பழக்கத்தின் வழியே இரத்த அழுத்தத்தோடு அதற்கு உண்மையான தொடர்பும் இருக்கிறது. சீனர்களை மட்டும் தனியாக எடுத்து ஓட்டினால் உண்மைத் தொடர்பு நிற்கும், போலி உதிரும்.

தீர்வு எளியது: இனவாரியாகப் பிரித்து ஆய்ந்து, பிறகு தனித்தனி முடிவுகளைத் தொகுக்கும் மெட்டா முறையில் இணைக்கவும். எல்லாரையும் சேர்த்துப் பத்து முதன்மைக் கூறுகளை இணைமாறியாக (விளைவைக் கழித்துவிடும் மாறியாக) போடுவது இரண்டாம் பட்சம்தான். பதிவேட்டில் இருக்கும் இனத்தை நம்பாமல் படத்தில் தெரியும் இனத்தை நம்பவும். பதிவேட்டில் ஒருவருக்கு ஓர் இனம்தான் எழுதியிருக்கும். குடும்பத்தில் எத்தனை ஊர்கள் கலந்தன என்பதை அந்தக் கட்டம் கேட்பதில்லை.

பிரித்தபின்னும் இந்தியப் பிரிவில் மட்டும் லாம்ப்டா உயர்ந்தே இருந்தால் உறவு முறையைப் பாருங்கள். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணந்த தலைமுறைகள் நம்மிடையே உண்டு. ஒரே குடும்பத்தார் ஒரே நாளில் ஒரே முகாமுக்கு வந்து இரத்தம் கொடுத்ததும் உண்டு. மாமன் பிள்ளைக்கும் அத்தை பிள்ளைக்கும் இடையே, மரபணு உறவை அளக்கும் கின்ஷிப் கெழு 0.0625 அளவில் இருக்க வேண்டும். இரு வழியிலும் உறவானால் அது இன்னும் உயரும், மென்பொருள் அவர்களை வேறு உறவு என்று பெயரிடும். முதன்மைக் கூறுகள் இதைத் துடைக்கா. உறவினரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளவும், அல்லது உறவு அணியை ஏற்கும் கலப்பு மாடலுக்குச் செல்லவும்.

கடைசியும் செலவு மிகுந்ததுமான காரணம் தொகுப்பு வேறுபாடு. ஒரு பிரிவினர் மாறுபாடுகளை வாசிக்கும் ஒரு சிப்பிலும் மற்றவர்கள் வேறு சிப்பிலும் ஜீனோடைப் செய்யப்பட்டு, நோயாளிகள் ஒரு பக்கமாகக் குவிந்திருந்தால், எந்தப் புள்ளியியலும் அதைப் பிரித்தெடுக்காது. சிப்பையே பண்பாகப் போட்டு ஒரு முறை ஆய்வை ஓட்டிப் பாருங்கள். சமிக்ஞைகள் கொட்டினால் நிறுத்திவிட்டு ஜீனோடைப் செய்த ஆய்வகத்தையும் மேற்பார்வையாளரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்க வேண்டிய நேரம் அது.

3ஆ: தனிப் பண்புகள் ஒழுங்கு, இணைந்த ஆய்வு மட்டும் உயர்கிறது

பண்புகளின் பரவலில் வால் நீண்டிருக்கலாம். டிரைகிளிசரைடும் அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் இதற்குப் பேர்போனவை. அரிய மாறுபாடு ஒன்றைச் சுமக்கும் பத்துப் பேரில் ஒருவருக்கு டிரைகிளிசரைடு 12 என்றிருந்தால் அவர் ஒருவரே பி மதிப்பை இழுத்துச் சென்றுவிடுவார். வயது, பால் போன்றவற்றை நீக்கிய எச்சத்தை இயல்நிலைப் பரவலுக்கு மாற்றிவிட்டு, சிறு அல்லீல் எண்ணிக்கை இருபதுக்குக் குறைந்த மாறுபாடுகளை ஒதுக்கி, மீண்டும் ஓட்டவும்.

சுருக்கப் புள்ளிவிவரங்களை இணைப்பவராக இருந்தால், இசட் மதிப்புகளின் ஒட்டுறவு அணியை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பாருங்கள். ஒரே ஆட்கள் இரண்டு ஆய்வுகளிலும் இருந்தால் அந்த ஒட்டுறவு பூச்சியமாகாது. பூச்சியம் என்று வைத்தவர்களுக்கு இந்தக் கோளாறு நிச்சயம். சமிக்ஞை இல்லாத மாறுபாடுகளிலிருந்தோ எல்டியை, அதாவது அருகருகே உள்ள மாறுபாடுகள் சேர்ந்தே கடத்தப்படும் இணைவை, கொண்டு கணிக்கும் எல்டிஎஸ்சி முறையின் வெட்டுத்துண்டிலிருந்தோ அதை மதிப்பிடவும்.

3இ: லாம்ப்டா உயர்வு, ஆனால் எல்டிஎஸ்சியின் வெட்டுத்துண்டு 1-ஐ ஒட்டியே இருக்கிறது

பல்லாயிரம் பேர் கொண்ட, ஒரே வம்சாவளி ஆய்வில் இது கோளாறு அல்ல. பண்பு ஆயிரக்கணக்கான மாறுபாடுகளால் ஆனது என்பதுதான் அதன் பொருள். மேலே செல்லலாம்.

அறிகுறி 4: தனிப் பண்புகளில் ஒன்றுமில்லை, இணைத்தால் மட்டும் மலை போலச் சமிக்ஞை

மாணவர்கள் மிகவும் மகிழ்வதும் நான் மிகவும் அஞ்சுவதும் இந்த அறிகுறியைக் கண்டுதான். இது உண்மையாகவும் இருக்கலாம். ஒட்டுறவு 0.7 உள்ள இரண்டு பண்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாறுபாட்டின் இசட் மதிப்பு ஒன்றில் +3, மற்றொன்றில் −3. தனித்தனியே பி மதிப்பு 0.0027, குறிப்பிடத்தக்கது என்று ஏற்க வேண்டிய 5×10⁻⁸ என்னும் வாசலுக்கு அருகில்கூட வராது. இரண்டையும் இணைத்தால் கை-ஸ்கொயர் 60 ஆகிறது, பி மதிப்பு 10⁻¹³ அளவுக்கு இறங்குகிறது. சேர்ந்தே ஏறி இறங்கும் இரண்டு பண்புகளை ஒரு மாறுபாடு எதிரெதிர்த் திசையில் தள்ளுவது வியப்பானது என்பதால் சோதனை அப்படிக் கூவுகிறது. அதே மாறுபாடு இரண்டிலும் +3 என்றிருந்தால் கை-ஸ்கொயர் 10.6 மட்டுமே, பி மதிப்பு 0.005, தனிப் பண்பைவிட மோசம்.

இயற்கையில் இதற்கு உதாரணம் உண்டு. ஜிசிகேஆர் மரபணுவின் ஆர்எஸ்1260326-இல் ஓர் அல்லீல் டிரைகிளிசரைடைக் கூட்டி, வெறும்வயிற்றுச் சர்க்கரையைக் குறைக்கிறது. பொதுவாக இவை இரண்டும் சேர்ந்தே உயர்பவை. அந்த மாறுபாடு உங்கள் பட்டியலில் மேலேறினால் முறை வேலை செய்கிறது என்று அமைதி கொள்ளலாம்.

ஆனால் மேலே சொன்ன கணக்கை இன்னொரு முறை பாருங்கள். இரண்டிலும் உண்மையில் +3 இருந்து, ஒரு கோப்பில் மட்டும் அல்லீல் தலைகீழாகக் குறிக்கப்பட்டிருந்தால், 0.005 என்று வந்திருக்க வேண்டியது 10⁻¹³ என்று வரும். ஒரு குறியீட்டுப் பிழை, கண்டுபிடிப்பின் முகமூடியை அப்படியே மாட்டிக்கொள்கிறது. ஆகவே இந்த அறிகுறியில் நான் பார்க்கும் வரிசை இதுதான்.

முதலில், இரண்டு கோப்புகளிலும் விளைவு அல்லீல் (விளைவு எந்த வடிவத்துக்குக் கணக்கிடப்பட்டதோ அது) எது என்று அந்த ஒரு மாறுபாட்டுக்குக் கண்ணால் பார்க்கவும். நெடுவரிசைத் தலைப்பில் அல்லீல்1 என்றிருப்பது ஒரு மென்பொருளில் விளைவு அல்லீல், இன்னொன்றில் ஒப்பீட்டு அல்லீல். பிறகு, ஏ–டி அல்லது சி–ஜி ஜோடியா என்று பார்க்கவும். இவற்றில் இழை மாறினாலும் எழுத்து மாறாது, அலைவெண் 0.5-ஐ ஒட்டியிருந்தால் எது எது என்று சொல்லவே முடியாது, நீக்கிவிடுவதே வழி. பிறகு, ஒரு கோப்பு ஜிஆர்சிஎச்37, மற்றொன்று ஜிஆர்சிஎச்38 என்று மனித மரபணுத்தொகுதியின் வெவ்வேறு பதிப்புகளின் ஆயங்களைக் கொண்டவையா என்று பார்க்கவும். கடைசியாக, அருகிலுள்ள மாறுபாடுகளும் அதே கதையைச் சொல்கின்றனவா என்று அந்தப் பகுதியின் படத்தை வரையவும். எல்டியில் இணைந்த அண்டை வீட்டார் அனைவரும் மௌனமாக இருக்க ஒரே புள்ளி மட்டும் வானத்தில் நின்றால் அது பெரும்பாலும் பிழைதான்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஐயம் தீரவில்லையென்றால், ஒரு பண்பை மற்றொரு பண்புக்கு இணைமாறியாகப் போட்டீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பிஎம்ஐயை நீக்கிய இடுப்புச் சுற்றளவு இதற்குத் தலைசிறந்த உதாரணம்: பிஎம்ஐயை மட்டும் கூட்டும் மாறுபாடு, சரிசெய்த இடுப்புச் சுற்றளவைக் குறைப்பதுபோல் தோன்றும். பிறகு அதையே பிஎம்ஐயோடு இணைத்தால் எதிரெதிர்த் திசை தானாக வந்துவிடும். மரபுவழியாக வரும் பண்பை இணைமாறியாக்கக் கூடாது என்பதை நான் கட்டளையாகவே சொல்வேன். வேறு ஆட்களிடம் மறுஆய்வு செய்து திசையும் பொருந்தினால்தான் கட்டுரையில் எழுதலாம். மறுஆய்வுக்குத் தரவு இல்லையென்றால் புள்ளியியல் மரபியலாளரைத் தேடிச் செல்லும் இடம் இதுவே.

அறிகுறி 5: தனிப் பண்பில் இருந்த சமிக்ஞை இணைத்ததும் மங்குகிறது

மேலே கண்ட +3, +3 கணக்கே விடை. பண்புகளைக் கூட்டும்போது சுதந்திரப் பாகைகள் கூடுகின்றன, ஒரே திசை விளைவு புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. பல வேளைகளில் காரணம் இடைத்தரகர்: எஃப்டிஓ மரபணு 2007-இல் நீரிழிவோடு தொடர்புள்ளதாக வந்து, உடல் பருமனைக் கணக்கில் எடுத்ததும் அத்தொடர்பு மறைந்தது. தனிப் பண்பு முடிவையும் இணைந்த முடிவையும் அருகருகே அறிக்கையிடவும். சரிசெய்ய எதுவும் இல்லை.

அறிகுறி 6: வர வேண்டிய மரபணுக்களே வரவில்லை

எல்டிஎல் ஆய்வில் ஆயிரக்கணக்கானோர் இருந்தும் எல்டிஎல்லுக்குப் பேர்போன ஏபிஓஈ மரபணுப் பகுதி எட்டிப் பார்க்கவில்லையென்றால் பண்பில் பழுது இருக்கிறது. முதலில் அலகு: ஒரு கிளினிக் மில்லிமோலிலும் மற்றொன்று மில்லிகிராமிலும் தந்திருந்தால், 38.67 மடங்கு வேறுபாடு பரவலில் இரட்டைத் திமிலாகத் தெரியும். அடுத்து மருந்து: ஸ்டேட்டின் எடுப்பவரின் எல்டிஎல் குறைந்து காணப்படும், மரபுவழி உயர்வுள்ளவரே மருந்தும் எடுப்பார், சமிக்ஞை தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். எல்டிஎல் அளவை 0.7-ஆல், மொத்தக் கொழுப்பை 0.8-ஆல் வகுப்பதும், இரத்த அழுத்த மருந்து எடுப்பவர்களுக்கு மேல் அளவில் 15, கீழ் அளவில் 10 கூட்டுவதும் நடைமுறையில் உள்ள திருத்தங்கள். மருந்துப் பட்டியல் இல்லையென்றால் பங்கேற்பாளர் கேள்வித்தாள்களைத் தூசி தட்டி எடுக்க வேண்டியதுதான். மூன்றாவது, டிரைகிளிசரைடு 4.5-ஐத் தாண்டியவர்களின் கணக்கிடப்பட்ட எல்டிஎல், அதை நீக்கவும்.

அறிகுறி 7: எம்டேக் ஓட்டியபின் பலவீனமான பண்புக்குத் திடீர்ச் சமிக்ஞைகள்

2018-இல் வெளிவந்த எம்டேக், ஒட்டுறவுள்ள பண்புகளிடமிருந்து வலிமையைக் கடன் வாங்கும் முறை. கடனுக்கு ஒரு நிபந்தனை உண்டு: எல்லா மாறுபாடுகளுக்கும் பண்புகளிடையே விளைவுகளின் உடன்மாறுபாடு ஒரே மாதிரி என்று அது கொள்கிறது. ஒரு பண்பை மட்டும் தொடும் மாறுபாடு இருந்தால் அதன் விளைவு மற்றப் பண்பின் கணக்கிலும் வரவாகிவிடும்.

நம் தரவில் இது எங்கே நிகழும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும்: எச்பிஏ1சியில். எச்பிஏ1சி சர்க்கரையை மட்டும் அளப்பதில்லை. சிவப்பணு எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்பதையும் சேர்த்தே அளக்கிறது. ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கும் நொதி குறைவது), தலசீமியா, ஹீமோகுளோபின் ஈ (ஹீமோகுளோபினின் மாற்று வடிவம்) ஆகியவை மலேசியாவில் அரிதானவை அல்ல. பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் ஜி6பிடி பார்ப்பது இங்கே வழக்கமாகவே இருக்கிறது. ஜி6பிடி குறைபாட்டில் சிவப்பணுவின் ஆயுள் குறைகிறது, எச்பிஏ1சியும் குறைகிறது, சர்க்கரையோ அப்படியே இருக்கிறது. எச்பிஏ1சி நன்றாக அளக்கப்பட்டு, வெறும்வயிற்றுச் சர்க்கரை குறைந்த பேருக்கே அளக்கப்பட்ட ஆய்வில் இரண்டையும் எம்டேகில் போட்டால், சிவப்பணு மரபணுக்கள் சர்க்கரை மரபணுக்களாக வெளியே வரும். ஹீமோகுளோபின் ஈ சில கருவிகளின் அளவீட்டையே குலைக்கும் என்பது கூடுதல் தலைவலி.

சோதனைகள்: புதுச் சமிக்ஞை ஒவ்வொன்றுக்கும் எம்டேகுக்கு முந்தைய இசட் மதிப்பை எழுதி வைக்கவும், அது பூச்சியத்தை ஒட்டியிருந்தால் வலிமை முழுவதும் கடன்தான். எம்டேக் தரும் அதிகபட்சத் தவறான கண்டுபிடிப்பு விகிதத்தைக் கணக்கிடவும். சிவப்பணு எண்ணிக்கை, எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) போன்ற பண்புகளோடு அந்த மாறுபாட்டைத் தேடிப் பார்க்கவும். ஜி6பிடி எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பலர் எக்ஸை ஆய்விலேயே சேர்ப்பதில்லை என்பதால் அது கண்ணில் படாமலே போகலாம். பட்டியலில் மிஞ்சுவது சிவப்பணுவா சர்க்கரையா என்று உங்களால் பிரிக்க முடியாதபோது அழைக்க வேண்டியவர் புள்ளியியலாளர் அல்லர், இரத்தவியல் மருத்துவர்.

அறிகுறி 8: மரபியல் ஒட்டுறவு 1-ஐத் தாண்டுகிறது, அல்லது விடையே வரவில்லை

இரண்டு பண்புகள் மரபணு விளைவுகளை எவ்வளவு பகிர்கின்றன என்று காட்டும் இந்த ஒட்டுறவைக் கணிக்க, 2015-இல் வந்த எல்டிஎஸ்சி முறையை ஓட்டும்போது பிரிவில் எத்தனை பேர் என்று முதலில் எண்ணவும். ஐயாயிரத்துக்குக் குறைவென்றால் விடை நிலையாக வராது; மரபுப் பங்கின் (பண்பின் வேறுபாட்டில் மரபணுக்களால் வரும் பகுதியின்) இசட் மதிப்பு 4-க்குக் குறைந்த பண்புகளின் ஒட்டுறவைப் பேசவே வேண்டாம். ஒட்டுறவு எதிர்க்குறியில் வந்தால் அறிகுறி 4-இன் அல்லீல் சோதனைக்குத் திரும்பவும்.

பிறகு, எந்த மக்களின் எல்டி கோப்பைக் கொடுத்தீர்கள் என்று பார்க்கவும். இணையத்தில் எளிதாகக் கிடைப்பது ஐரோப்பியருடையது. தமிழரை அதில் நிறுத்தி அளப்பது பிறர் சட்டையைப் போட்டுக்கொண்டு தையற்காரரைக் குறை சொல்வதைப் போன்றது. 1000 ஜீனோம்ஸ் திட்டத்தில் தெற்காசியர் 489 பேர் உள்ளனர். அவர்களில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர். அவர்களைக் கொண்டு எல்டி மதிப்புகளை நீங்களே கணக்கிட முடியும், ஒரு நாள் வேலை. மூன்று இனமும் கலந்த முடிவுகளை எந்தக் கோப்போடும் பொருத்த முடியாது. இனவாரியாகப் பிரிக்காதவர்கள் அறிகுறி 3-க்குப் போகவும்.

அறிகுறி 9: ஒரே இடத்தில் இரண்டு பண்புகளும் எழுகின்றன, காரண மாறுபாடு ஒன்றா இரண்டா?

இந்தக் கேள்விக்கு விடை தேடும் கோலாக் முறையை ஓட்டினால், அது தரும் கருதுகோள்களில் எச்3 இரண்டு தனி மாறுபாடுகளையும் எச்4 ஒரே பொது மாறுபாட்டையும் குறிக்கும். இரண்டும் குறைந்து எச்1, எச்2 (ஒரு பண்பில் மட்டும் சமிக்ஞை) பக்கம் சாய்ந்தால் ஆட்கள் போதவில்லை என்று பொருளே தவிர, தொடர்பு இல்லை என்று பொருளல்ல. ஒரே பொது மாறுபாடு என்பதன் முன்நிகழ்தகவை 10⁻⁵-இலிருந்து 10⁻⁶-க்கு மாற்றினால் முடிவும் மாறுகிறதா என்று பார்க்கவும். பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட காரண மாறுபாடுகள் இருப்பதாகத் தெரிந்தால் பல காரண மாறுபாடுகளைப் பிரித்தெடுக்கும் சூசி முறையோடு சேர்த்து ஓட்டவும். ஆறாம் குரோமோசோமின் எம்எச்சி என்னும் நோய் எதிர்ப்பு மரபணுப் பகுதியானால் இதைச் செய்யாமல் நிபுணரிடம் விடவும்.

அறிகுறி 10: அரிய நோயில் பி மதிப்பு நம்ப முடியாத அளவுக்குச் சிறிது

நோய்ப் பட்டியல் முழுவதிலும் ஒரு மாறுபாட்டைத் தேடும் ஃபீவாஸ் ஆய்வில் இது நிச்சயம் வரும். 8,000 பேரில் 40 பேருக்கு ஒரு நோய்; மாறுபாட்டின் அலைவெண் 0.1 விழுக்காடு. நோயாளிகளின் 80 குரோமோசோம்களில் எதிர்பார்க்கத்தக்கது 0.08 பிரதி. தற்செயலாக இரண்டு வந்துவிட்டால் சாதாரணச் சோதனை 6.8 என்னும் இசட் மதிப்பைத் தந்து, பி மதிப்பு 10⁻¹¹ என்று அறிவிக்கும். இரண்டோ அதற்கு மேலோ வருவதன் உண்மையான நிகழ்தகவு 0.003. ஆயிரம் நோய்களைத் தேடினால் அப்படி மூன்று கிடைப்பதே இயல்பு.

ஃபிர்த் திருத்தமோ சேடில்பாயின்ட் தோராயமோ கொண்ட ரெஜெனி, செய்ஜ் போன்ற மென்பொருள்களில் மீண்டும் ஓட்டவும். அதற்குப் பின்னும் சமிக்ஞை நின்றால், அந்த இரண்டு பேரின் ஜீனோடைப் தீவிரப் படத்தைக் கண்ணால் பார்க்கவும். இம்ப்யூட் செய்யப்பட்ட, அதாவது நேரே அளக்காமல் ஊகித்து நிரப்பிய மாறுபாடானால், சேங்கர் முறையில் அந்த இருவரையும் வரிசைப்படுத்தச் சொல்லி ஆய்வகத்திடம் கேட்கவும்.

அழைக்கும்போது

மேலே சொன்ன எல்லையைத் தொட்டு யாரையாவது அழைப்பதென்றால் வெட்டப்படாத லாக் கோப்பு, மென்பொருளின் பதிப்பு எண், ஒவ்வொரு பண்பிலும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை, செய்த மாற்றங்களின் பட்டியல் ஆகியவற்றை எடுத்துச் செல்லவும். திரையைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது போதாது. பிழைச் செய்திக்கு நாற்பது வரிகள் மேலே, யாரும் வாசிக்காத எச்சரிக்கையில்தான் பெரும்பாலும் விடை இருக்கும். பங்கேற்பாளர்களின் தனித் தரவுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பதால் அதை முழுதாக அனுப்பவே வேண்டாம். அந்த ஒப்புதலுக்கு உட்பட்டு, அடையாளம் நீக்கிய ஐந்து வரிசைகளே எனக்குப் போதும். 5.2, 1.1, 2.2, 3.1 என்று இருந்தால் அந்த ஐந்துகூடத் தேவைப்படாது.